செட்டிநாட்டுத் தொடக்கப் பள்ளியில் மீள்திறனும் ஊர்ப் பொறுப்பும்: புதிதாக வரும் ஆசிரியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பென்சில் முனை உடைந்ததற்கு அரைமணி நேரம் அழுகிறது. நான்காம் வகுப்புப் பையன் ஒரு கணக்குத் தப்பானதும் நோட்டை மூடிவைத்துவிட்டு, "எனக்கு வராது டீச்சர்" என்கிறான். வெளியே குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது. முப்பது பிள்ளைகள் அதைக் கடந்து போகிறார்கள், ஒருவரும் திருகி மூடவில்லை. முதல் இரண்டும் மனவுறுதிக் குறைவு, மூன்றாவது பொறுப்பின்மை என்று பிரித்து, ஒன்றுக்கு நீதிக்கதையும் மற்றதற்கு உறுதிமொழியும் கொடுப்பது பள்ளிகளில் வழக்கமாக இருக்கிறது. அப்படிப் பிரிக்க வேண்டாம். தன்னை நம்பி ஒரு காரியம் நடக்கிறது, தான் போகாவிட்டால் அது நின்றுபோகும் என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் விழுந்த இடத்திலிருந்து எழுந்து வரக் காரணம் இருக்கிறது. பொறுப்பைக் கொடுத்தால் மீள்திறன் அதோடு சேர்ந்து வளரும்.

இதற்கு ஆய்வுத் துணையும் உண்டு. ஹவாயைச் சேர்ந்த கவாய்த் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, வீட்டுச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல சுமைகளை ஒன்றாகச் சுமந்து வளர்ந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் நன்றாகவே தேறி வந்தார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றில் இரண்டை ஆசிரியர் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். விட்டுப்போகாமல் அக்கறை காட்டிய பெரியவர் ஒருவராவது அவர்களுக்கு இருந்தார். அவர் பாட்டியாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ ஆசிரியராகவோ இருந்திருக்கலாம். அடுத்தது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போல வீட்டில் அவர்கள் செய்தே ஆக வேண்டிய வேலை ஒன்று இருந்தது.

முதல் இரண்டு வாரம் எதையும் தொடங்காதீர்கள்

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ தெருவில் நடந்தால் இரண்டு தெருவுக்கு நீளும் பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கும். கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும்தான் அவை திறக்கும். உங்கள் வகுப்புப் பிள்ளைகளில் பலர் அந்த வீடுகளைக் காவல் காக்கிற, பெருக்குகிற குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஆத்தங்குடிப் பக்கமானால் டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கும் வீடுகள், மற்ற இடங்களில் நூறுநாள் வேலைக்குப் போகும் அம்மா, சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் அப்பா, பள்ளிக்குக் கொண்டுவந்து விடும் அப்பத்தா. இதெல்லாம் தெரியாமல் "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று ஒரு பிள்ளையிடம் சொல்லிவிட்டால், நீங்கள் அன்று சொல்லிக்கொடுத்த மற்ற எதுவும் அதன் மனத்தில் நிற்காது.

ஒரு நாற்பது பக்க நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். காலையில் யார் எழுப்பிவிடுகிறார்கள், யாரோடு நடந்து வருகிறது, மதியம் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறது, எந்த வேலையைக் கேட்காமலே செய்கிறது, எதற்கு அழுகிறது அல்லது அடிக்கிறது என்று ஐந்து குறிப்பு போதும். பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டு நிரப்ப வேண்டாம். வாசலில் நின்று பார்த்தும், வரும் பெரியவர்களிடம் இரண்டு வார்த்தை பேசியும் பத்து நாளில் நிரப்பிவிடலாம். அந்த நோட்டு பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

ஐந்து கொட்டான், ஒரு புளியங்கொட்டை

தனக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல வார்த்தை இல்லாத பிள்ளை கையாலும் காலாலும்தான் சொல்லும். "கஷ்டமா இருக்கு" என்ற ஒரே சொல்லுக்குள் பசி, ஏக்கம், பொறாமை, கூச்சம், பயம் எல்லாம் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுவது முதல் வேலை.

உள்ளங்கை அளவில் பனையோலைக் கொட்டான் (ஓலையில் முடைந்த சின்னக் கூடை) ஐந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஓலை முடைபவர் ஊரிலேயே இருந்தால் அவரைப் பள்ளிக்கு அழைத்துப் பிள்ளைகள் முன்னால் முடையச் சொல்வது இன்னும் நல்லது. சந்தோஷம், சோகம், கோபம், பயம், சோர்வு என்று ஒவ்வொன்றிலும் ஒரு முகம் வரைந்த அட்டையைக் கட்டுங்கள். வகுப்புக்குள் நுழையும் பிள்ளை ஒரு புளியங்கொட்டையை எடுத்துத் தன் நிலைக்குரிய கொட்டானில் போட்டுவிட்டுப் போகும். முப்பது பிள்ளைகளுக்கும் ஐந்து நிமிடம்கூட ஆகாது. கொட்டைகளைக் கழுவி இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்த பிறகு பயன்படுத்துங்கள். ஒட்டிய புளி இருந்தால் எறும்பு மொய்க்கும். ஒன்றாம் வகுப்பில் கொட்டைக்குப் பதில் பாட்டில் மூடி வையுங்கள். சின்னப் பிள்ளைகள் கொட்டையை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும்.

இதில் இரண்டு இடத்தில் தவறு நேரும். கொட்டான்களை மேசைமேல் எல்லோருக்கும் தெரிய வைத்தால், பிள்ளைகள் தோழி எதில் போடுகிறாளோ அதிலேயே போடுவார்கள். கதவுக்குப் பின்னால், ஒருவர் மட்டும் நிற்கும் இடத்தில் வையுங்கள். இரண்டாவது, "கோபத்துல யார் போட்டது? ஏன்?" என்று வகுப்பில் ஆசிரியர் கேட்பது. கேட்ட மறுநாளிலிருந்து எல்லாக் கொட்டையும் சந்தோஷத்தில்தான் விழும். பயத்தில் மூன்று விழுந்திருக்கிறது என்றால் அன்று பாடத்தைக் கொஞ்சம் மெதுவாக நடத்துங்கள், இடைவேளையில் பிள்ளைகள் பக்கத்தில் போய் நில்லுங்கள். சொல்ல வேண்டும் என்றிருக்கும் பிள்ளை தானே வந்து சொல்லும்.

மாதம் ஒரு புதுச் சொல்லைச் சேர்க்கலாம்: ஏமாற்றம், ஏக்கம், வெட்கம், பெருமை. வெளிநாட்டில் அப்பா இருக்கும் பிள்ளைக்கு "ஏக்கம்" என்ற சொல் கிடைப்பது பெரிய ஆறுதல்.

கோபத்தில் மூச்சு வாங்கும் பிள்ளைக்கு, பூவை மோந்து விளக்கை ஊதி அணைப்பது போல ஐந்து முறை மூச்சு விடப் பழக்கினால் போதும். அதையும் கோபம் இல்லாத நேரத்தில் பழக்குங்கள்.

தோற்கப் பழகுதல்

தோல்வியை அளவோடு, அடிக்கடி, பாதுகாப்பான இடத்தில் சந்திக்க வைக்க வேண்டும். இதற்கு நம்மூரில் பல்லாங்குழியைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. தோற்றவர் எழுந்து போக வேண்டியதில்லை, குறைந்த கையிருப்போடு தொடர்ந்து ஆடலாம் என்பது அந்த ஆட்டத்தின் விதியிலேயே இருக்கிறது.

கட்டை இல்லாவிட்டால் தரையில் சுண்ணக்கட்டியால் இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு வட்டம் போடுங்கள். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து என்று 70 கொட்டை, ஆளுக்கு 35. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கை காலியானதும் அடுத்த குழியை அள்ள வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை விடவேண்டும். நான்கு சேர்ந்தால் பசு, அது குழிக்குரியவருக்கு. விதி ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். உங்கள் பள்ளித் தெருவில் இருக்கும் அப்பத்தா ஒருவரிடம் கேட்டு அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆட்டம் முடியும்போது ஒரு பிள்ளையிடம் 23 கொட்டை இருக்கிறது என்று வையுங்கள். அது நான்கு குழியை நிரப்பி, மூன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்று குழியை மூடிப் போட்டுவிட்டு அடுத்த ஆட்டத்தில் இறங்கும். எதிரி 47இல் தன் ஏழு குழியையும் நிரப்பி 12ஐ மிச்சம் வைத்திருப்பார். நான்கு குழியோடு ஆடி மூடிய குழியை மீட்டுவிட்ட பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். எந்தப் பாராட்டும் தரமுடியாத நம்பிக்கை அதில் இருக்கும்.

வாரம் இரண்டு நாள், இருபது நிமிடம் போதும். ஒரே இருவரை மூன்று முறைக்கு மேல் சேர்ந்து ஆட விடாதீர்கள். பலமான பிள்ளை எப்போதும் ஜெயித்தால் மற்றது ஒதுங்கிவிடும். நீங்கள் ஆடினால் வேண்டுமென்றே தோற்காதீர்கள், பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். தோற்ற பிள்ளை அழுதால் அழட்டும், பக்கத்தில் உட்காருங்கள். "சின்ன ஆட்டம்தானே, இதுக்குப் போய் அழுறியா?" என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லலாம். கண்ணைத் துடைத்ததும், "மூணு குழி போயிருச்சு. எந்தக் குழியிலிருந்து எடுத்தா ஒண்ணை மீட்கலாம்?" என்று கேளுங்கள். அழுகையிலிருந்து அடுத்த நடைக்கு வழி காட்டுவது அந்தக் கேள்விதான்.

இதே பழக்கத்தைப் பாடத்துக்குக் கொண்டுவர, பேச்சில் ஒரு சின்னத் திருத்தம் போதும். "வராது" என்றால் எப்போதைக்குமானது. "வரல" என்றால் இன்றைக்கு மட்டும். "எனக்கு வராது" என்று சொல்லும் பிள்ளையிடம், "வராதுன்னு சொல்லாதே, வரலன்னு சொல்லு" என்று ஒவ்வொரு முறையும் திருத்துங்கள். ஒரு பருவத்தில் பிள்ளைகளே ஒருவரையொருவர் திருத்த ஆரம்பித்துவிடுவார்கள். பாராட்டும்போது "கெட்டிக்காரி" என்று பட்டம் கொடுக்க வேண்டாம். அடுத்த முறை தப்பானால் அந்தப் பட்டம் போய்விடுமே என்று அந்தப் பிள்ளை கடினமான கணக்கைத் தொடவே பயப்படும். "இரண்டு தடவை அழிச்சுட்டு மூணாவது தடவை வேற மாதிரி போட்டே, அதான் வந்துருச்சு" என்று செய்ததைச் சொல்லுங்கள்.

உண்மையான வேலை

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. செய்யாவிட்டால் யாரோ ஒருவருக்குக் குறை தெரிய வேண்டும். "வகுப்புத் தலைவன்" என்று பேட்ஜ் குத்தி, பேசுபவர் பெயரைப் பலகையில் எழுத விடுவது வேலை ஆகாது. அது அதிகாரம், அதுவும் கெடுதலான அதிகாரம்.

24 பிள்ளைகள் என்றால் நான்கு பேராக ஆறு குழு. பல ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் மொத்தமே அவ்வளவு பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும்தான். அப்படியானால் ஐந்து வகுப்பையும் கலந்தே குழு அமையுங்கள். ஒவ்வொரு குழுவிலும் மேல் வகுப்பில் ஒருவராவது, ஒன்று அல்லது இரண்டாம் வகுப்பில் ஒருவராவது இருக்கட்டும். ஒரு வேலை இரண்டு வாரம். ஆறு வேலையும் சுற்றிவரப் பன்னிரண்டு வாரம், ஏறத்தாழ ஒரு பருவத்துக்குச் சரியாக இருக்கும்.

ஆறு வேலைகள் இவை. தண்ணீர்க் குழு காலையிலும் மதியமும் டிரம்மில் அளவுக்குச்சியை விட்டுப் பார்த்துக் குறித்து, குறைந்தால் பெரியவரிடம் சொல்லி நிரப்ப வைக்கும், மூடி போட்டிருக்கிறதா என்று பார்க்கும். சாப்பாட்டுக் குழு காலை உணவுக்கும் சத்துணவுக்கும் சின்னப் பிள்ளைகளை முதலில் உட்கார வைத்துத் தட்டு எல்லோருக்கும் வந்ததா என்று எண்ணும். நூலகக் குழு புத்தகம் கொடுத்து வாங்கி எழுதும். செடிக் குழு, வாசல் குழு (செருப்பு வரிசை, குழாய், விளக்கு, மின்விசிறி) இரண்டுக்கும் விளக்கம் தேவையில்லை. ஆறாவது, வராதவர் குழு. யார் வரவில்லை என்று பார்த்து, அன்றைய பாடத்தில் என்ன நடந்தது என்பதை மூன்று வரியில் எழுதி வைத்து, அவர் வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லும். "நேத்து நீ வரலையே, தேடினோம்" என்று இன்னொரு பிள்ளை வந்து சொல்வதற்கு ஈடான ஊக்கம் ஆசிரியரால் தர முடியாது. அடிக்கடி லீவு போடும் பிள்ளையை ஒரு முறை இந்தக் குழுவிலேயே போட்டுப் பாருங்கள்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாதவை: கழிப்பறை கழுவுவது, சூடான பாத்திரம் தொடுவது, கிணறு, ஊருணி, தொட்டிப் பக்கம் போவது, மின்சாரப் பெட்டியைத் திறப்பது, புதரும் கல்குவியலும் அப்புறப்படுத்துவது. பாம்பும் சீமைக்கருவேல முள்ளும் இருக்கும் மண் இது. இன்னொரு கண்டிப்பான விதி உண்டு. எந்த வேலையையும் தண்டனையாகக் கொடுக்கக்கூடாது. தாமதமாக வந்தவனை ஒருநாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டால், அந்த வேலை அந்தப் பள்ளியில் ஒரு வருடத்துக்கு அவமானமாகிவிடும்.

யாருக்கு எந்த வேலை என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். பெண் பிள்ளைகள் துடைப்பத்தையும் ஆண் பிள்ளைகள் சாவியையும் எடுத்துக்கொள்வார்கள். அதைவிட மோசமாக, பெருக்குவது யார், தண்ணீரைத் தொடுவது யார் என்பதில் ஊரின் சாதிக் கணக்கு ஓசையில்லாமல் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துவிடும். சீட்டுப் போடுங்கள். நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலில் முதல் பானை யாருடையது என்பதைச் சீட்டுதான் முடிவு செய்கிறது. சீட்டில் வந்ததை மறுத்துப் பேசாத பழக்கம் இந்தப் பகுதிக்குப் பழையது. ஆறு சீட்டை ஒரு கொட்டானில் போட்டு, குழுவில் மிகச் சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்லுங்கள். "எங்க பிள்ளை கூட்டணுமா?" என்று யாராவது பெற்றோர் வந்து கேட்டால், எல்லாப் பிள்ளைகளும் எல்லா வேலையும் செய்யும் சுற்று அட்டவணையைச் சுவரில் காட்டுங்கள். அதற்கு விலக்கு எதுவும் கொடுக்காதீர்கள். ஒரு விலக்கு கொடுத்தால் அடுத்த நாள் நான்கு பேர் வருவார்கள்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சிட்டை, அதாவது குறிப்பேடு. வரவு செலவுக்கும் முறைகளுக்கும் சிட்டை எழுதிப் பழகிய ஊர் இது. பிள்ளைகளும் தேதி போட்டு இரண்டு வரி எழுதட்டும். "டிரம் பாதி. ஆயாகிட்ட சொன்னோம். 11 மணிக்கு நிரம்புச்சு." எழுத வராத பிள்ளை படம் போடும். வெள்ளிக்கிழமை கடைசி பதினைந்து நிமிடம் வட்டமாக உட்கார்ந்து குழுவுக்கு இரண்டு நிமிடம்: நடந்தது ஒன்று, நடக்காமல் போனது ஒன்று, வேண்டிய உதவி ஒன்று. ஆசிரியர் கடைசியில்தான் பேச வேண்டும்.

நட்சத்திர ஸ்டிக்கர், பரிசு, "இந்த வாரச் சிறந்த குழு" எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். ஸ்டிக்கர் ஒட்டத் தொடங்கிய மூன்றாம் வாரம், கீழே விழுந்த தம்பியைத் தூக்கிவிட்டு, "டீச்சர், தூக்கிவிட்டேன், ஸ்டிக்கர்?" என்று ஒரு பிள்ளை வந்து நிற்கும்.

கீரைப் பாத்தி கருகினால்

செடிக் குழுவுக்கு மூன்றடிக்கு ஆறடிப் பாத்தியில் சிறுகீரையோ தண்டங்கீரையோ போதும். இங்கே மண் செம்மண்ணும் சரளையுமாக இறுகிக் கிடக்கும். ஒரு சாண் ஆழம் பெரியவர் யாராவது கொத்திவிட்டு, இரண்டு கூடை மக்கிய சாணிக்குப்பை கலக்க வேண்டும். கீரை விதை மிகச் சிறியது. பிள்ளைகள் கையால் தூவினால் ஒரே இடத்தில் கொட்டும். ஒரு பிடி விதையை நான்கு பிடி மணலோடு கலந்து தூவச் சொல்லுங்கள். எறும்பு இழுக்காமல் ஓரத்தில் சாம்பல் போடலாம்.

பாத்தி பெரும்பாலும் கெடுவது அதிகத் தண்ணீரால். நான்கு பேர் குழுவில் நான்கு பேரும் தனித்தனியாக ஊற்றிவிடுவார்கள். பாத்தி ஓரத்தில் ஒரு தட்டைக் கல்லை வைத்து ஒரு பக்கம் சிவப்புப் பூசுங்கள். காலையில் ஊற்றியவர் சிவப்பை மேலே திருப்ப வேண்டும், மாலையில் ஊற்றியவர் கவிழ்க்க வேண்டும். அடுத்த எதிரி ஆடும் கோழியும். கருவேல முள்ளை வேலியாகக் கட்டும் வேலை பெரியவர்களுக்கு.

இவ்வளவு செய்தும் பாத்தி கருகலாம். சனி ஞாயிறு யாரும் ஊற்றாமல் விட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ஆசிரியர்கள் மனம் கேட்காமல் ஒரு தவறு செய்கிறார்கள்: திங்கட்கிழமை பிள்ளைகள் வருவதற்கு முன் புதுச் செடி நட்டுவிடுகிறார்கள். செய்யாதீர்கள். பிள்ளைகள் வந்து கருகியதைப் பார்க்கட்டும். குற்றவாளியைத் தேட வேண்டாம். "என்ன ஆச்சு? எதனால? இனி சனிக்கிழமை யார்?" என்ற மூன்று கேள்விக்குப் பதிலைச் சிட்டையில் எழுதச் சொல்லி, மறுபடி விதைக்க விதை கொடுங்கள். பள்ளிக்குப் பக்கத்தில் வீடு உள்ள பிள்ளை ஒன்று பெரியவர் துணையோடு வந்து ஊற்றுவதாகச் சொல்லும், அல்லது ஒரு பழைய பாட்டிலில் துளை போட்டுத் தலைகீழாகப் புதைக்கலாம் என்று சொல்லும். அந்தப் பதில் அவர்களிடமிருந்து வருவதற்கு ஒரு பாத்தி கருகலாம்.

சிறுகீரை 25 முதல் 30 நாளில் பறிக்க வரும். குழுவோ இரண்டு வாரத்தில் மாறிவிடும். விதைத்தது ஒரு குழு, பறிப்பது இன்னொரு குழு. பிள்ளைகள் முறையிடுவார்கள். அட்டவணையை மாற்றாதீர்கள். ஊருணி வெட்டியவர்கள் அதில் தண்ணீர் எடுப்பவர்களைப் பார்த்ததில்லை என்பதைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பறித்த கீரையைச் சத்துணவு அமைப்பாளரிடம் முன்பே பேசிவைத்துச் சாம்பாரில் சேருங்கள்.

பள்ளிச் சுவருக்கு வெளியே

மூன்றாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளை ஊர்ப் பொறுப்புக்குள் கொண்டுவரலாம். சொட்டும் குழாயிலிருந்து தொடங்குங்கள். ஒரு லிட்டர் பாட்டிலை அடியில் வைத்து நேரம் பார்க்கட்டும். 20 நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 3 லிட்டர், ஒரு நாளைக்கு 72 லிட்டர். கணக்குப் பாடமும் முடிந்தது, மனுவுக்குச் செய்தியும் கிடைத்தது. மழைக்கும் இதே போல: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 6 மீட்டருக்கு 5 மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 600 லிட்டர். ஓட்டுக் கூரையை முற்றத்தை நோக்கிச் சரித்து மழைநீரை அண்டாவில் பிடித்த வீடுகள் பள்ளிக்கு எதிரிலேயே நிற்கின்றன. வீட்டுக்காரரிடம் கேட்டு ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

மனு ஊராட்சி மன்றத் தலைவருக்கு. ஐந்து வரி: நாங்கள் யார், எந்தக் குழாய், எத்தனை லிட்டர் வீணாகிறது, என்ன செய்ய வேண்டும், எப்போது வந்து கேட்கலாம். பிள்ளைகள் கையெழுத்திலேயே இருக்கட்டும், எழுத்துப் பிழையைத் திருத்தினால் போதும். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர் ஒருவர் அங்கே அதை வாசிக்கலாம்.

பதில் வராமலும் போகும். அந்த இடத்தில் விட்டுவிட்டால், கேட்டுப் பயனில்லை என்பதைத்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். மனுவே எழுதாமல் இருப்பது அதைவிட மேல். எனவே எழுதும் நாளிலேயே நாட்காட்டியில் நான்கு வாரம் தள்ளி "நினைவூட்டல்" என்று குறித்துவிடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், தாங்களே செய்யக்கூடிய பகுதி எது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்: அடியில் வாளி வைத்து அந்தத் தண்ணீரைக் கீரைக்கு விடலாம். கேட்பதையும் நிறுத்தாமல், கையிலிருப்பதையும் செய்துகொண்டிருக்கலாம் என்பது பத்து வயதுக்குள் தெரிந்துவிட வேண்டிய விஷயம்.

செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஊருணிக்கு வரும் வரத்துக்காலைக் கரையோடு நடந்து பார்க்கலாம். எங்கே பிளாஸ்டிக் அடைத்திருக்கிறது, எங்கே மண் சரிந்திருக்கிறது என்று படம் வரைவது பிள்ளைகள் வேலை. அள்ளுவது பெரியவர்கள் வேலை. ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் இல்லாமல் புறப்பட வேண்டாம். படித்துறையில் கால் வைக்கவே கூடாது. பாசி பிடித்த கல்லில் நீச்சல் தெரிந்தவர்களே வழுக்கி விழுந்திருக்கிறார்கள்.

ஒரு வெளிப் பயணத்துக்குத்தான் வழியிருக்கிறது என்றால் வேட்டங்குடிக்குப் போங்கள். திருப்பத்தூருக்கு அருகே, 1977இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கண்மாய்கள் அவை. அங்கே கூடு கட்ட வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவைகள் நிறைந்திருக்கும் டிசம்பர், ஜனவரி ஏற்ற நேரம். காலையிலேயே போய்விடுங்கள், வெள்ளைச் சட்டையும் பளிச்சென்ற நிறமும் வேண்டாம். பறவைகளைப் பார்த்துவிட்டு மட்டும் திரும்பாமல், அந்த ஊர்ப் பிள்ளைகளோடு உங்கள் பிள்ளைகளை அரைமணி நேரம் பேச விடுங்கள். "வெடி இல்லாம தீபாவளி எப்படி இருக்கும்?" என்று அவர்களே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். திரும்பி வந்ததும் உறுதிமொழி எடுக்க வைக்காதீர்கள்.

சண்டை வந்தால்

அடித்தவனை அடிப்பதும், முட்டிபோட வைப்பதும், வகுப்பில் வைத்துத் திட்டுவதும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டவை. "சாரி சொல்லு, கைகுலுக்கு" என்று முடித்துவைப்பதும் பயன்படாது. வாயால் சொல்லிவிட்டு வாசலில் மறுபடி அடித்துக்கொள்வார்கள். இருவரும் ஆறிய பிறகு, பத்து நிமிடம் கழித்து, தனியாக உட்கார வைத்து நான்கு கேள்வி: என்ன நடந்துச்சு? யாருக்கு வலிச்சுது? எதைச் சரிபண்ணலாம்? அதுக்கு யார் உதவி வேணும்? ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக்கூடாது. கிழிந்த நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுப்பது, தட்டிவிட்ட சாப்பாட்டுக்குத் தன் பங்கில் பாதி கொடுப்பது என்று சரிசெய்தல் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஒரே பிள்ளையை ஒரு கூட்டம் திரும்பத் திரும்ப ஒதுக்குகிறது, பட்டப்பெயர் வைக்கிறது, சாதியைச் சொல்கிறது என்றால் அது சண்டை இல்லை, கொடுமை. அதற்கு இந்த நான்கு கேள்வி பொருந்தாது. பாதிக்கப்பட்ட பிள்ளையை அவர்களோடு எதிரில் உட்கார வைக்காதீர்கள். தலைமை ஆசிரியரும் பெரியவர்களும் அன்றே தலையிட வேண்டும்.

நம் கையை மீறியவை

நன்றாக இருந்த பிள்ளை இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பிடாமல், பேசாமல், விளையாடாமல் இருந்தாலோ, உடம்பில் விளக்கமில்லாத காயம் இருந்தாலோ, வீட்டுக்குப் போகப் பயந்தாலோ, வயதுக்கு மீறிய பேச்சு வந்தாலோ கீரைப் பாத்தியும் பல்லாங்குழியும் தீர்வு ஆகாது. பிள்ளை ஏதோ சொல்ல வரும்போது "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உன்னைக் காப்பாத்தக்கூடியவங்க கிட்ட மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள். சொன்னதைச் சொன்னபடி எழுதிவையுங்கள், துருவிக் கேட்காதீர்கள். தலைமை ஆசிரியரிடம் அன்றே சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கு 14416, பள்ளிக் கல்வி உதவிக்கு 14417. பாலியல் துன்புறுத்தல் என்று சந்தேகம் வந்தால் போக்சோ சட்டப்படி (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம்) புகார் கொடுப்பது உங்கள் கடமை. ஊரில் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

வீட்டாரோடு

பெற்றோர் கூட்டத்தில் மீள்திறன் என்று பேசினால் யாருக்கும் ஒட்டாது. "வீட்டில் பிள்ளை செய்தே தீரவேண்டிய ஒரு சின்ன வேலை எது?" என்று மட்டும் கேளுங்கள். தண்ணீர்ச் செம்பு எடுத்து வைப்பது, அரிசியில் கல் பொறுக்குவது, கோழிக்கூட்டை அடைப்பது, எதுவானாலும். பாதிப் பேர் "அவன் படிக்கட்டும், வேலை எதுக்கு?" என்பார்கள். தினம் பத்து நிமிடம்தான் என்று சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் பிள்ளையின் சிட்டைப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பலாம், மார்க் என்ன என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர் "கீரை முளைச்சிருச்சா?" என்று கேட்கத் தொடங்குவார். ஆனால் அப்பத்தாவிடம் நேரில்தான் பேச வேண்டும். பேரன் விழுந்தால் ஓடிப்போய்த் தூக்காமல், பத்து எண்ணும்வரை பொறுத்துப் பார்க்கச் சொல்வது அவருக்கு மிகக் கடினமான வீட்டுப்பாடம். அதைப் புரிந்துகொண்டு சொல்லுங்கள்.

ஏப்ரலில்

எதற்கும் மதிப்பெண் போடாதீர்கள். உங்கள் நாற்பது பக்க நோட்டில் மாதம் ஒருமுறை மூன்று குறிப்பு எழுதிவந்தால் போதும்: அழுகைக்குப் பிறகு வேலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது, உதவி வேண்டும் என்று தானாகக் கேட்டதா, சொல்லாமலே யாருக்காவது எதையாவது செய்ததா. ஜூனில் அரைமணி நேரம் அழுத பிள்ளை ஜனவரியில் ஐந்து நிமிடம் அழுகிறது என்றால் அது பெரிய மாற்றம்.

கடைசி வாரம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொரு சிட்டையின் கடைசிப் பக்கத்தையும் எழுதிவிட்டுப் போகட்டும். அறிவுரை வேண்டாம், செய்தி வேண்டும்: எந்தக் குழாயை எந்தப் பக்கம் திருக வேண்டும், நூலக அலமாரிச் சாவி எங்கே சிக்கும், எந்த வீட்டு ஆடு வேலியைத் தாண்டும், சாம்பல் யார் வீட்டில் கேட்கலாம், புதிதாக வரும் ஒன்றாம் வகுப்பில் யார் அண்ணன் இல்லாமல் வரும். ஜூனில் பள்ளி திறந்த அன்று, சீட்டு எடுத்த கையோடு, புதுக் குழுவின் மூத்த பிள்ளையிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.